எத்தனை கிலோ தாங்கும்?

மூன்றாம் மாடிக் கைப்பிடியோரம் நின்று, பல்லிக் கால்போல் ஒட்டும் கையுறையை வெளிச்சுவர்க் கண்ணாடியில் பதித்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ரூர்ட்டின் மூக்கில், கூட ஆராய்ச்சி செய்யும் ஹில்கே விட்டாள் ஒரு குத்து. பரிசு வாங்கப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

“பொறாமைல பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?”

ஹில்கே காலைப் பிடித்துத் தூக்கி அவனை வெளியே தள்ளினாள். ரூர்ட் ஒற்றைக் கையில் தொங்கினான். கையுறையில் பசை கிடையாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் விசைதான் அவனைப் பிடித்திருந்தது.

விழாவுக்கு வந்த க்ரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பதறி ஓடிவந்தார்கள்.

“ஹில்கே! இது எத்தனை கிலோ தாங்கும்?” என்று அலறினான் ரூர்ட்.

“அந்த விசையைக் கணக்குப் போட்டதுக்குத்தானே இன்னிக்கு உனக்குப் பரிசு? நீயே சொல்லு.”

“எனக்கென்ன தெரியும்? கணக்கைப் போட்டது நீதானே!”

பேராசிரியர்கள் ரூர்ட்டை விட்டுவிட்டு ஹில்கேயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நூத்திருபது,” என்றாள் ஹில்கே, விரல் முட்டியைத் துடைத்தபடி. “உன் எடை எண்பது. பார்த்துட்டுத்தான் தள்ளினேன்.”