முதலில் வைத்த பெயர்

அருங்காட்சியக விஞ்ஞானிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அழிந்துபோன, பல் உள்ள திமிங்கிலத்தின் புதைபடிவ மண்டையோட்டை மறுபடியும் திருப்பிப் பார்த்தார். போன வருடம்தான் அதைப் புது இனம் என்று அவரே அறிவித்திருந்தார். ஆனால் மண்டையோட்டு எலும்புகள் வளர்ந்த விலங்குக்குப்போல ஒன்றோடொன்று இறுகி ஒட்டியிருக்கவில்லை. சந்தேகமே இல்லை, இது குட்டி.

“அப்போ இது புது இனம் இல்லையா?” என்றார் சக விஞ்ஞானி.

“இல்ல. ஏற்கெனவே பேர் வெச்ச பெரிய திமிங்கிலத்தோட குட்டிதான். முதல்ல வெச்ச பேருதான் நிக்கும்.”

“திருத்தி எழுதிட்டாப் போச்சு. அதுக்கு ஏன் இப்படித் தவிக்கிறீங்க?”

“வீட்டுல சொல்லணுமே!”

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார்.

மனைவி அடுப்பை அணைத்தாள். “என்னன்னு சொல்லித் தொலைங்களேன்.”

சொன்னார். அந்தப் புது இனத்துக்கு அவர் வைத்திருந்தது மனைவியின் பெயர்.

அவள் முகம் வாடியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். “பரவாயில்ல, விடுங்க. இனிமே அதுக்கு என்ன பேரு?”

பக்கத்து அறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பெரிய திமிங்கிலத்தைக் கண்டுபிடிச்சு, ஆசையா பேர் வெச்சது எங்கப்பா.”

அவள் இடுப்பில் கை வைத்தாள்.

“மூணு கோடி வருஷத்துக்கு முன்னாடியும் உங்கம்மாதானா?”