பேனாக் கோட்டுக்குள் வீக்கம்

சலூன் கண்ணாடியில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. நேற்று நர்ஸ் தெருவுக்கே கொடுத்த யானைக்கால் தடுப்பு மாத்திரையை விழுங்கிய கடைக்காரரின் இடக்கை இன்று சிவந்து வீங்கியிருக்கிறது. "நல்லா இருந்த உடம்புக்கு வினையக் குடுத்துட்டீங்களே, சிஸ்டர்!" என்று, உள்ளே வந்த நர்ஸைப் பார்த்துச் சவரக் கத்தியை மேஜையில் போடுகிறார். பாதிச் சவரத்தில் நுரையோடு உட்கார்ந்திருப்பவர் காதைத் தீட்டிக்கொள்கிறார்; இந்தக் கடையில் பேசுவதுதான் சாயங்காலம் தெரு முழுக்கப் பேச்சு. நர்ஸ் அசரவில்லை. கடைக்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுகிறாள். "உள்ள புழு சாகுதுண்ணே. செத்த புழுகூட உங்க உடம்பு மல்லுக்கட்டுது, அதான் வீக்கம். உங்க வீட்டம்மாவும் இதையேதான் போட்டாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு?" "அவ கல்லு மாதிரி இருக்கா." "கொல்றதுக்குப் புழு இருந்தாத்தானே வீங்கும்? வீக்கம் இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே கூப்பிடுங்க." கடைக்காரர் கையைக் கண்ணாடிமுன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இத்தனை நாளா எனக்குள்ளயா குடியிருந்துச்சு!" நுரைக்காரர் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் விரலை விட்டு, நேற்று விழுங்காமல் ஒளித்த மாத்திரையை எடுக்கிறார். "குடிக்கத் தண்ணி இருக்கா?"