ஒன்பதாவது கேள்வி

இன்சூரன்ஸ்காரன் மூன்றாவது முறை ரசம் கேட்டான்.

ஊற்றினாள்.

ஆள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த இடத்துக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து இப்படி உறிஞ்சிக் குடிக்கத் தனி மனசு வேண்டும்.

அவளுடைய மெஸ்ஸில், கை கழுவும் இடத்தில், திங்கட்கிழமை வழுக்கி விழுந்தவர் வேலாயுதம். ஓய்வு பெற்ற தபால்காரர். சாப்பிட வருகிறவர்களுக்கு அடிபட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் அவள் தலையில் பாலிசியைக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

இவன் வந்து சேர ஐந்து நாள். அதுவும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு.

ஏப்பம் விட்டுவிட்டுப் படிவத்தைப் பிரித்தான். எட்டுக் கேள்விகளை மளமளவென்று நிரப்பினான்.

ஒன்பது: பாதிக்கப்பட்டவரிடம் தவறை ஒப்புக்கொண்டீர்களா?

அவள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. முதல் நாளே அவர் மனைவி சொர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தரை ஈரமாகக் கிடந்தது, எங்கள் தப்புதான் என்று அழுதாள். மனுஷியாய்ப் பிறந்தவள் வேறென்ன செய்வாள்?

அதை அப்படியே அவனிடம் சொன்னாள்.

அவன் பேனாவை மூடினான்.

“தப்ப ஒத்துக்கிட்டா கம்பெனி ஒரு பைசா தராதுங்க. ரூல்ஸ். ஒண்ணுமே பேசலைன்னு எழுதுங்க. அவரா தடுமாறி விழுந்தாருன்னு பேசி, எங்க வக்கீல் ஒரு தொகையில முடிச்சுக்குவாரு. இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க.”

சோம்பை மென்றுகொண்டே சொன்னான்.

மெஸ்ஸை விற்றாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாது. அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவசரமே படவில்லை.

அவன் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

துப்ப வைத்திருந்த எச்சிலை விழுங்கினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அதற்கு மறுநாளும்.

சாயங்காலம் சொர்ணம் போன் செய்தார். “ஏம்மா, ரெண்டு நாளா காணமே? ஒடம்புக்கு முடியலையா? அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டாள்.

“கம்பெனிலேர்ந்து வக்கீல் பேசுவாருங்க.”

தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

“எந்தக் கம்பெனிம்மா?” என்றார் சொர்ணம்.