கேட்டருகே கையசைப்பவள்

சென்னியப்பன் தன் செல்ல ஸ்போர்ட்ஸ் காரைப் பின்னால் எடுத்து, மனைவி சுலோச்சனாவின் ஸ்கூட்டரை அப்பளமாக நொறுக்கினார்.

அந்தக் காருக்குப் பின்கண்ணாடி கிடையாது, திரைதான். கேமராவுக்கு எட்டாத மூலைகளில், கார் வாங்கிய புதிதில் வழக்கமாக என்ன இருந்ததோ, அதையே வரைந்து நிரப்பிவிடும். ஸ்கூட்டர் வழக்கமாக அங்கே நிற்பதில்லை.

ஐம்பத்தாறு வயதில் அந்தப் பள்ளத்து இருக்கையிலிருந்து எழக் கிரேன்தான் வேண்டும். அவர் ஒருவழியாக உருண்டு வெளியே வருவதற்குள், தலையில் கட்டிய ஈரத்துண்டோடு சுலோச்சனா ஓடிவந்துவிட்டாள்.

"ஏன் புள்ள, கேட்டுப் பக்கத்துல நின்னு கை காட்டிட்டுத்தான இருந்தே? ஒரு சத்தம் போடக் கூடாதா?"

"நான் குளிச்சுட்டு இருந்தனுங்க."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பச்சைச் சேலையில் சுலோச்சனா இன்னும் கேட்டருகே சிரித்தபடி கையசைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் தினமும் வாசலுக்கு வந்து வழியனுப்புகிறாள் என்று கிளப்பில் அவர் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. தினமும் திரையைப் பார்த்துப் பதிலுக்குக் கையசைக்கவும் செய்வார்.

"இன்னைக்கு ஒரு நாள்தான வரல?" குரல் இறங்கிவிட்டது.

சுலோச்சனா ஸ்கூட்டரின் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி எடுத்தாள்.

"நான் வர்றத உட்டு ரெண்டு வருசமாச்சுங்க. நீங்க ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கலைங்க."