பிழை கத்தியில்

மடக்குக் கத்தியைத் திறந்து பிடித்து, அதன் முதுகை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினார் சரீப். விரல்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்ததால் தப்பினார். அலகு சடக்கென்று மடங்கிப் பிடிக்குள் போய் விழுந்தது.

"பாத்தீங்களா தங்கச்சி? இதுக்குப் பேர் பூட்டாம்," என்றார் சலிப்போடு.

எதிரே சீதேவி இருந்தாள். மூதூரிலிருந்து காலை லோஞ்சுப் படகில் வந்திறங்கி, நேரே இந்தக் கடைக்குத்தான் வந்திருந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அவளிடம் அதிகம் விசாரிக்க வேண்டிய தேவையும் சரீபுக்கு இருக்கவில்லை. துறைமுகத்து மடக்குக் கத்தி, அழுது சிவந்த கண்ணோடு ஒரு பெண்சாதி. இந்த மாதத்தில் இது ஏழாவது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்ற நாள் தொட்டு, உள்ளூரில் அவசரத்துக்கு அடித்த கத்திகள் துறைமுகத்து ஆட்களின் விரல்களைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தன.

கை வெட்டுப்பட்டவன் கத்தியைச் சரீபிடம் காட்டி, பிழை கத்தியிலா ஆளிலா என்று ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வர வேண்டும். சரக்கு இறக்கும் கொம்பனியின் சட்டம் அது. பிழை கத்தியில் என்றால் கை ஆறும்வரை இலேசான வேலை கொடுப்பார்கள், ஆளில் என்றால் வேலையாள் இடாப்பில் பெயரை வெட்டிவிடுவார்கள். பூட்டுத் திருத்தக் கடை போட்ட மனிதனை ஊரான் விரலுக்கெல்லாம் நீதவானாக்கி விட்டார்களே என்று அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

"எத்தின விரல்?"

"நாலு விரலும், நானா. உள்பக்கத்தால."

"ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திரிக்கலாமே?"

"அவருக்கு வர ஏலாது, நானா. அதான் வீட்டில கிடந்த கத்தியை நான் எடுத்துக்கொண்டு வந்தனான்."

காய்ச்சலாக்கும் என்று எண்ணியபடி சரீப் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். அலகைக் காதருகே கொண்டுபோய் மெல்லத் திறந்தார். நல்ல பூட்டென்றால் முதுகு வில்லின் பல் அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இது ஊமையாக இருந்தது.

பள்ளம் ஆழமில்லை, அதன் ஓரமும் மழுங்கிக் கிடந்தது. ஆணி தளர்ந்து அலகு பக்கவாட்டில் ஆடியது. பூட்டைக் கழற்றும் இடத்தைச் சரியாக உள்ளங்கை பதிகிற இடத்தில் வைத்திருந்தான், செய்த புண்ணியவான். இறுக்கிப் பிடித்தால் கையே பூட்டைத் திறந்துவிடும்.

"என்ன செய்யக்குள்ள வெட்டின?"

"கயிறு அறுக்கேக்க எண்டுதான் சொல்லுறார்."

சரீப் கண்ணாடியைக் கழற்றினார். "கயிறறுத்தா இது மடங்காது, தங்கச்சி. எவ்வளவு கெட்ட பூட்டெண்டாலும், கயிறு அலகைத் திறக்கிற பக்கமாத்தான் தள்ளும். முனையால குத்தினாத்தான் மடங்கிக் கையில விழும். மீன் டின் ஒண்டக் குத்தித் தொறக்கப் பாத்திரிப்பார்."

சீதேவியின் முகம் வெளிறிவிட்டது.

"அவர் கயிறெண்டுதான் சொல்லுறார், நானா. மூண்டு பிள்ளையள். நீங்கள் துண்டு தராட்டி எங்கட குடும்பம் அழிஞ்சு போயிரும்."

சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள். சரீப் வாசலுக்கு அப்பால் தெருவைப் பார்த்தார். போன மாதம் துறைமுகத்தில் மூட்டை இறக்கிய முத்தனுக்கு இப்படித்தான் 'பிழை ஆளில்' என்று எழுதிக் கொடுத்தார். உண்மையைத்தான் எழுதினார். இப்போது முத்தன் கரைவலை இழுக்கக் கூலிக்கு அலைகிறான். அவன் எதிரே வந்தால் சரீப்தான் தெருவின் மறுபக்கம் மாறுகிறார்.

இருபது வருடமாக ஒரு பொய்த் துண்டு எழுதியதில்லை. அதனால் யாருக்கு என்ன நன்மை என்று அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. ஒரு மீன் டின்னைக் குத்தியதற்காக இன்னொரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த அவரால் ஏலாது. உடம்பிலும் மனதிலும் அதற்குத் தெம்பில்லை.

கடதாசியை எடுத்து எழுதினார். 'இக்கத்தியின் பூட்டு பழுதானது. கயிறு அறுக்கும்போது தானாக மடங்கிக் கையை வெட்டக்கூடியது. பிழை கத்தியில்.' கையெழுத்து வைத்து, கடை முத்திரையையும் குத்தினார். கன நாளைக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் இலேசானது போலிருந்தது.

"இந்தாங்க. அழாதீங்க. கொம்பனியில பெரிய கிளாக்கர் குணரத்தினத்துக்கிட்ட நேர குடுங்க, நான் தந்ததெண்டு சொல்லுங்க."

சீதேவி துண்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கத்தியையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு படியில் இறங்கியவள், திரும்பிப் பார்த்தாள்.

"கொம்பனிக்கில்ல, நானா. பொலிசுக்கு."

"பொலிசுக்கா? கை வெட்டுப்பட்டதுக்குப் பொலிசு என்னத்துக்கு?"

"சாமான் மடுவத்தில காவல் நிண்ட வோச்சரைக் குத்தேக்க கை வெட்டுப்பட்டதெண்டு அவரைப் பிடிச்சு வைச்சிருக்காங்க."