முந்தைய உரிமையாளர்

படத்தைத் திருப்பினார்கள்.

கையுறை போட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நீள மேசையில் கவிழ்த்து வைத்தார்கள்.

பின்பக்கம் சுத்தமாக இருந்தது.

அவள் குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. கீழே இடது ஓரத்தில் பென்சில் எழுத்தும் இல்லை.

"ஏங்க, இது வேற படமா இருக்குமோ?"

கணவனும் குனிந்து பார்த்தான். முன்பக்கத்தை இப்போதுதானே பார்த்தார்கள். அதே கோதுமை வயல். அதே ஒற்றைக் கொட்டகை. வேறு படமாக இருந்தால் தேவலை என்று அவனுக்கும் இருந்தது.

இந்த அருங்காட்சியகத்துக்கு அவள் நான்கு கடிதம் போட்டிருந்தாள். படத்தின் முதுகை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று. "போனது போச்சு, எதுக்கு இப்ப" என்று அவன் தடுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

பக்கத்துத் தெருப் பல் டாக்டர் இறந்து, வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கிய படம் அது. யார் வரைந்தது என்றெல்லாம் அப்போது தெரியாது. மஞ்சளாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று அவள்தான் எடுத்தாள். புதுத் துணிக்கு வைப்பதுபோல் பின்னால் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தாள்.

சோபாவுக்கு மேலே ஏழு வருடம்.

மகள் அல்லிக்கு ஆறு வயதானபோது, சரஸ்வதி பூசையில் புத்தகங்களோடு இந்தப் படத்தையும் வைக்கச் சொல்லி ஒரே அடம். கழற்றி வைத்தார்கள். மறுநாள் விஜயதசமி. எதையாவது எழுத வேண்டும். நோட்டை நீட்டினால், அந்தக் கழுதை படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு எழுதியது.

தன் பெயரை. தமிழில்.

அதன்பிறகு எழுதியதெல்லாம் ஆங்கிலம். அப்புறம் எழுதவும் முடியவில்லை. ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிப்போயிருந்தது.

ஆவணப் பிரிவுப் பெண் கோப்பைத் திறந்தாள். நல்லவள். நாற்காலி வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

ஓவியர். அவரிடமிருந்து அவர் தங்கை. அவரிடமிருந்து பல் மருத்துவர். 2004 முதல் 2011 வரை தனியார் சேகரிப்பு. பிறகு அருங்காட்சியகம்.

காட்சிகள்: 1958, டொபீகா. 1963, டென்வர். 2004 முதல் 2011 வரை எங்கும் காட்சிக்கு வைக்கப்படவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவள் லேசாகச் சிரித்தாள். தினம் காலையில் பாலும் சீரியலும் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூட பஸ் ஹாரன் அடிக்கும்வரை.

அந்தப் பெண் பக்கத்தைப் புரட்டினாள்.

பின்பக்கம்: மூலைகளில் மஞ்சள் கறை. பென்சிலில், அடையாளம் தெரியாத எழுத்து. ஓவியருடையது அல்ல. தான் வாங்கும்போதே இருந்ததாக முந்தைய உரிமையாளர் தெரிவித்திருக்கிறார். நீக்கப்பட்டது.

போட்டோ எதுவும் எடுத்தீர்களா என்று அவள் கேட்டாள்.

இல்லை. முக்கியமாகத் தோன்றியிருக்காது. மன்னிக்க வேண்டும்.

எங்கோ ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"முந்தைய உரிமையாளர்னா நீங்கதானே?"

அவன்தான்.

அன்றைக்குப் படத்தை வாங்க வந்த நிபுணர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார். இது யார் எழுதியது, என்ன எழுத்து, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. வேண்டாம் என்று இந்த ஆள் எழுந்து போய்விட்டால் பணத்துக்கு என்ன செய்வது? தெரியாது, நாங்கள் வாங்கும்போதே இருந்தது என்று அவன் சொன்னான். சொன்னதற்குக் கீழே கையெழுத்தும் போட்டான். அடுத்த அறையில் அல்லி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நடந்தது. பதினோரு நாள் இருந்தாள்.

பாவி. இவர்கள் யாரும் துடைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையால் அவன்தான் துடைத்தான்.

அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து வைத்தாள். அடுத்த மாதம் படத்தைக் கூடத்தில் மாட்டப்போகிறார்கள். பக்கத்தில் உரிமையாளர்கள் பட்டியலும் இருக்கும். தனியார் சேகரிப்பு என்பதற்குப் பதிலாக, விருப்பமிருந்தால், உங்கள் பெயரைப் போடலாம்.

பேனாவுக்கு இந்த அறையில் அனுமதி இல்லை. பென்சில் கொடுத்தாள்.

அவள் வாங்கினாள். அவன் பக்கம் பார்க்காமல் எழுதினாள். நிதானமாக, முதல்முறை எழுதுகிறவர்களைப் போல அழுத்தி எழுதினாள்.

அல்லி. 2004–2011.

அவன் தாளைப் பார்த்தான். தன் பெயரையும் எழுதுவாளா என்று காத்திருந்தான். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்க பேரு எதுக்கு? நீங்க வாங்கும்போதே அது அங்க இருந்துச்சே."

கத்தவில்லை. அழவுமில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே நின்றாள்.

அந்தப் பெண் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு விரலை அந்தப் பெயருக்குக் கீழே வைத்து, மரியாதையாக, அவனிடம் கேட்டாள்.

இது என்ன எழுத்து, உங்களுக்குத் தெரியுமா?