உப்புப் போட்ட ஐஸ்

காலையில் கரண்ட் போனதிலிருந்து உத்தமபாளையத்து ஆய்வகத்தில் ஃப்ரீசர் ஓசையற்று நிற்கிறது. அதிலிருந்த நொதிக் குப்பியை ஷாஜியா ஐஸுக்குள் கல்லுப்புத் தூவிப் புதைத்து வைத்திருக்கிறாள். உப்பு பட்டால் ஐஸ் இன்னும் குளிரும்; குல்ஃபி விற்கும் அவள் அப்பாவின் வழக்கம் அது. இப்போது அந்த நொதியில் ஒரு சொட்டைக் கலவைக் குழாயில் விடுகிறாள். நொதிக்கு உயிர் இருந்தால், டி.என்.ஏ.வின் அடிக்கல்லான நியூக்ளியோடைடு மாற்றியமைத்த வடிவில் உண்டாகும். அது புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். "இருக்கிறது ஒரே குப்பி. செத்திருந்தா என்னடி செய்வ?" உடன் வேலை செய்யும் தேவயானி மெல்லக் கேட்கிறாள். "எங்க அத்தா குல்ஃபி இதுல ஒருநாளும் உருகுனதில்ல" என்றபடி ஷாஜியா சன்னல் திரையை இழுத்துவிட்டுப் புறஊதா டார்ச்சை அடிக்கிறாள். சன்னல் இடுக்கில் மலைக்காற்று உரசுகிறது. குழாயின் அடியில் நீலம் மெதுவாக ஊறி வருகிறது. அந்த வெளிச்சத்தில் ஷாஜியா தன் விரல்நுனிகளைப் பார்க்கிறாள். உப்பில் வெளுத்துச் சுருங்கி, அச்சு அசல் அத்தாவின் விரல்கள்.